டியோடாண்ட்: தண்டமா, தானமா?

கேள்வி: 1840களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு ரயில் விபத்தைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தியைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஜூரிகள் எஞ்சின் மீது டியோடாண்ட் விதித்தார்கள்' என்று அதில் வருகிறது. அகராதியைப் பார்த்தால் 'அரசுக்குப் பறிமுதலாகும் பொருள்' என்று ஒரு வரிதான் இருக்கிறது. 'டியோ' என்றால் தெய்வம். 'டாண்ட்' நம்முடைய 'தண்டம்'தானே? 'தெய்வ தண்டம்' என்று எழுதலாமா? அது சரி, எஞ்சினுக்கு எப்படி அபராதம் விதிப்பார்கள்?

பதில்:

'டியோ' பற்றி நீங்கள் சொன்னது சரி. 'டாண்ட்' பற்றிச் சொன்னது தவறு. ஆனால் அந்தச் சொல்லின் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு வரலாறும் நீங்கள் தவறிய அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடைக்கால லத்தீனில் 'டியோ டாண்டும்' என்று இரண்டு சொற்கள். 'டியோ' என்றால் கடவுளுக்கு. 'டாரே' என்ற வினைக்குக் கொடுத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'டாண்டும்', 'கொடுக்கப்பட வேண்டியது'. லத்தீனில் இந்த 'அண்டும்', 'எண்டும்' விகுதி எதைச் செய்ய வேண்டுமோ அதைக் குறிக்கும். நாம் அன்றாடம் சொல்லும் அஜெண்டா, 'செய்யப்பட வேண்டியவை'. மெமோரண்டம், 'நினைவில் வைக்கப்பட வேண்டியது'. டியோடாண்ட் அதே அச்சில் வார்த்த சொல்: கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது. தண்டம் என்பது சமஸ்கிருதத்தில் முதலில் கோல், பிறகு கோலால் கிடைக்கும் தண்டனை. இரண்டுக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு தொடர்பு கிடையாது.

உண்மையான உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது. லத்தீன் 'டெயுஸ்', சமஸ்கிருத 'தேவ' இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. லத்தீன் 'டாரே'க்கும் 'தானம்' என்ற சொல்லின் வேரான 'தா'வுக்கும் அதே உறவு. ஆகவே டியோடாண்டை வேர் பார்த்துப் பிரித்துத் தமிழில் வைத்தால் கிடைப்பது தேவதானம்! சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்துக்குப் பெயராக வருகிறதே, தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சொல். (கிரேக்கத்தில் கடவுளைக் குறிக்கும் 'தியோஸ்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும். மொழியியலாளர்கள் அதை எப்போதோ தனியே பிரித்துவிட்டார்கள். வாசனைத் தைலமான டியோடரண்டும் இதில் சேர்த்தியில்லை.)

சொல் இப்படிப் புனிதமாக இருக்கிறது. சொல் குறித்த பொருளோ ஒரு மனிதனைக் கொன்ற பொருள். வண்டி ஏறி ஒருவர் இறந்தால் அந்த வண்டி டியோடாண்ட். குதிரை உதைத்து இறந்தால் குதிரை. படகிலிருந்து ஆற்றில் விழுந்து இறந்தால் படகு. விலங்கோ சடப்பொருளோ, ஒருவரின் சாவுக்குக் காரணமாக இருந்த அசையும் சொத்து எதுவானாலும் அரசனுக்குப் பறிமுதலாகும். அரசன் அதைக் கடவுளின் பெயரால் அறச்செலவுக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் சட்டம். உரிமையாளர் மீது தவறு இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. என் வாளை வேறொருவன் எடுத்துக்கொண்டுபோய் யாரையாவது குத்திக் கொன்றாலும் என் வாள் போய்விடும்.

பழைய ஆங்கிலச் சொல் என்கிறோமே தவிர, மொழியியலில் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சொல் அல்ல இது. நார்மன் படையெடுப்புக்குப் பிறகு, இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு வழியாக வந்தது. 13ஆம் நூற்றாண்டில் சட்டப் பிரெஞ்சிலும், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்திலும் தென்படுகிறது. அதற்கு முன்பு, கொன்ற பொருளுக்கு ஊர் மக்கள் வைத்திருந்த சொல் 'பானா'. கொலைகாரன் என்று பொருள். மனிதனுக்கும் மரத்துக்கும் அதே சொல்தான். இன்றைய ஆங்கிலத்தில் 'பேன்' என்று தேய்ந்து, தொல்லை, சாபக்கேடு என்ற பொருளில் வாழ்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்தில் ஒரு விதி: மரம் வெட்டும்போது தவறுதலாக அது ஒருவர் மேல் விழுந்து அவர் இறந்தால், மரத்தை இறந்தவரின் உறவினர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் 30 இரவுகளுக்குள் அதை எடுத்துச் செல்ல வேண்டும், தவறினால் காட்டுக்குச் சொந்தக்காரர் வைத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், இங்கே கொன்ற பொருள் குடும்பத்துக்குப் போகிறது. பிற்காலத்தில் டியோடாண்ட் என்ற பெயரோடு அது அரசனுக்குப் போனது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம், ஏனென்றால் உங்கள் ரயில் செய்தியின் சூடே அங்கேதான் இருக்கிறது.

கொன்ற பொருளைத் தண்டிப்பது இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு அல்ல. பைபிளின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், மாடு முட்டி ஒருவர் இறந்தால் அந்த மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், அதன் இறைச்சியை உண்ணக் கூடாது என்று இருக்கிறது. பழைய ஏதென்ஸ் நகரில் கொலைசெய்த கல், மரம், இரும்பு ஆகியவற்றை விசாரிப்பதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. தீர்ப்பானதும் அவற்றை நாட்டு எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். தாசோஸ் தீவில் தியாகெனெஸ் என்ற விளையாட்டு வீரனுக்கு வெண்கலச் சிலை வைத்திருந்தார்களாம். அவன் இறந்த பிறகு, உயிரோடு இருந்தபோது அவனைப் பிடிக்காத ஒருவன் இரவுதோறும் வந்து சிலையைச் சவுக்கால் அடித்தான். ஒருநாள் சிலை அவன் மேலேயே விழுந்து அவனைக் கொன்றது. அவன் பிள்ளைகள் சிலை மீது கொலை வழக்குத் தொடுத்தார்கள். சிலையைக் கடலில் போட்டார்கள். பிறகு தீவில் பஞ்சம் வர, டெல்ஃபி குறிசொல்லியின் வாக்குப்படி, மீனவர் வலையில் சிக்கிய சிலையைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி வழிபட்டார்களாம். பழங்காலக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியஸ் எழுதிவைத்த கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து மனத்தைக் காட்டுகிறது.

இங்கிலாந்தின் நடைமுறைக்கு வருவோம். எதிர்பாராத சாவு நேர்ந்தால் கரோனர் வர வேண்டும். 1194இல் ஏற்பட்ட பதவி அது. கிரீடம் என்ற சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. இன்று கரோனர் என்றால் சாவின் காரணத்தைக் கண்டறிபவர் என்று நினைக்கிறோம்; அன்று அவரது கண் பாதி பிணத்தின் மீதும் பாதி அரசனுக்கு வர வேண்டிய வரும்படி மீதும் இருந்தது. அந்த வட்டாரத்து ஆட்களை ஜூரியாக உட்காரவைத்து, எந்தப் பொருளால் சாவு நேர்ந்தது, அதன் விலை என்ன என்று சொல்லச் சொல்வார். பொருளையே எடுத்துச் செல்வது அரிது, விலைதான் வசூலாகும். அது வந்து சேரும்வரை ஊர் பொறுப்பு. பணம் அரசனின் தருமக் கணக்கைக் கவனித்த அதிகாரியிடம் போய், ஏழைகளுக்குப் பிச்சையாகப் பிரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அரசர்கள் இந்த உரிமையையே நிலப்பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பணத்தில் எவ்வளவு கடவுளைச் சென்றடைந்தது என்பதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும்.

ஏன் கடவுளுக்கு? திடீரென்று சாகிறவர் பாவமன்னிப்புப் பெறாமல், கடைசிச் சடங்கு இல்லாமல் போகிறார். அந்த ஆன்மாவுக்காகப் பூசை வைக்கப் பணம் வேண்டும். அவரைக் கொன்ற பொருளே அதற்கு விலை கொடுக்கட்டும். 18ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட உரையாசிரியர் வில்லியம் பிளாக்ஸ்டோன் தரும் விளக்கம் இது. புராட்டஸ்டண்ட் ஆங்கிலேயருக்கே உரிய ஏளனத்தோடுதான் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இறந்தவருக்கான பூசை நின்றுபோனது, வசூல் மட்டும் நிற்கவில்லை. சொல்லுக்குள் இருந்த தானம் செத்து, தண்டம் மட்டும் மிஞ்சியது அப்போதுதான். நீங்கள் 'தண்டம்' என்று கேட்டதில் தவறிருந்தாலும், 1700இல் வாழ்ந்த ஒரு வண்டிக்காரரும் அதை அப்படித்தான் உணர்ந்திருப்பார்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நுணுக்கங்கள். 13ஆம் நூற்றாண்டின் சட்ட நூலாசிரியர் பிராக்டன் காலத்திலிருந்து வழங்கிய விதி, 'சாவை நோக்கி அசைந்தவை எல்லாம் டியோடாண்ட்' என்பது. அசைவுதான் அளவுகோல். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தில் ஏறி ஒருவர் விழுந்து இறந்தால் சக்கரம் மட்டும் பறிமுதல். ஓடும் வண்டியின் சக்கரம் ஏறி இறந்தால் வண்டி முழுவதும், அதிலிருக்கும் சரக்கோடு சேர்த்துப் போகும். சக்கரத்தை அழுத்தியதில் சரக்கின் எடைக்கும் பங்கிருக்கிறதல்லவா! கடலில் இறந்தால் கப்பல் தப்பும், ஏனென்றால் ஆழ்கடல் பொதுச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதே கப்பல் ஆற்றிலோ ஏரியிலோ நிற்கும்போது ஒருவர் விழுந்து மூழ்கினால், கண்டிப்பாகப் பார்த்தால் கப்பலும் சரக்கும் போகும்.

குழந்தை விஷயம் இன்னும் விசித்திரம். அறியாப் பருவத்துக் குழந்தை நிற்கும் வண்டியிலிருந்தோ குதிரையிலிருந்தோ விழுந்து இறந்தால் டியோடாண்ட் இல்லை. பெரியவர் விழுந்தால் உண்டு. குழந்தை பாவம் அறியாதது, அதன் ஆன்மாவுக்குப் பூசை தேவையில்லை, ஆகவே பணமும் தேவையில்லை என்று பிளாக்ஸ்டோன் காரணம் சொல்கிறார். ஆனால் வண்டி ஓடிவந்து குழந்தையை மோதினால் அப்போது வண்டி பறிமுதல்தான். இறையியலும் இயற்பியலும் ஒரே விதிக்குள் உட்கார்ந்து சண்டைபோடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

கொலை வழக்குகளிலும் இதன் தடம் உண்டு. பழைய ஆங்கிலக் குற்றப்பத்திரிகைகளைப் படித்தால், 'ஆறு பென்னி மதிப்புள்ள ஒரு பேனாக்கத்தியால்' குத்தினான் என்பதுபோல ஆயுதத்தின் விலையும் தவறாமல் எழுதியிருக்கும். உயிர் போயிருக்கும்போது கத்தியின் விலை எதற்கு என்று குழம்ப வேண்டாம். டியோடாண்ட் வசூலிப்பதற்கான கணக்கு அது.

ஜூரியில் உட்கார்ந்தவர்கள் அக்கம்பக்கத்தார்தாம். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரே குதிரையைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? ஆகவே விலையைக் குறைத்துச் சொன்னார்கள். முழு வண்டிக்குப் பதிலாக ஏதோ ஒரு சிறு பாகமே சாவுக்குக் காரணம் என்றார்கள். பிளாக்ஸ்டோனே 1765இல் இதைக் குறிப்பிடுகிறார். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் டியோடாண்ட் என்பது சில ஷில்லிங் வசூலாகும் பழைய சடங்காகச் சுருங்கிவிட்டது.

அப்படியே அமைதியாகச் செத்திருக்க வேண்டிய சொல்லை எழுப்பி உட்காரவைத்தது நீராவி.

1841 டிசம்பர் 24 விடியற்காலை, லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் நோக்கி கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சரக்கு ரயில் ஒன்று புறப்பட்டது. அதில் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் இருந்தார்கள். பலர் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலைசெய்த கல்தச்சர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு என்றால் கூரையில்லாத, பக்கத் தடுப்பு தாழ்வான திறந்த வண்டி. அந்த வண்டிகளை எஞ்சினுக்கும் கனமான சரக்கு வண்டிகளுக்கும் நடுவில் கோத்திருந்தார்கள். ரெடிங் நகருக்கு அருகே சானிங் என்ற இடத்தில், குன்றை ஆழமாக வெட்டிப் பாதை போட்ட பள்ளத்தில், மழையால் மண் சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. எஞ்சின் மண்ணில் மோதி நின்றது. பின்னாலிருந்த சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள்; ஒன்பதாமவர் பின்னர் இறந்தார். கரோனர் ஜூரி எஞ்சின் மீதும் வண்டிகள் மீதும் 1,000 பவுண்டு டியோடாண்ட் விதித்தது. உங்கள் செய்தியில் இருப்பது இந்த விபத்தாகவே இருக்கலாம். இல்லையென்றால் இதே பத்தாண்டில் இதே போக்கில் நடந்த இன்னொன்று.

ஜூரி ஏன் திடீரென்று இவ்வளவு கடுமையானது? சட்டத்தின் இன்னொரு மூலையில் ஓட்டை இருந்தது. 1808இல் 'பேக்கர் எதிர் போல்டன்' என்றொரு வழக்கு. பயணக் கோச்சு வண்டி கவிழ்ந்து மனைவி காயமடைந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து இறந்துபோனார். கணவன் இழப்பீடு கேட்டார். நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்னது: சிவில் நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் மரணத்தைத் தீங்காகக் காட்டி முறையிட முடியாது. மனைவி உயிரோடிருந்த அந்தச் சில வாரங்களின் இழப்புக்கும் கணவனின் சிராய்ப்புகளுக்கும் சேர்த்துத்தான் 100 பவுண்டு கிடைத்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பயணியின் கால் முறிந்தால் ரயில்வே பணம் கொடுக்க வேண்டும். பயணி செத்தே போனால் அவர் குடும்பத்துக்கு ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. ஊனப்படுத்துவதைவிடக் கொல்வது மலிவு. இதைப் பார்த்துக் கொதித்த ஜூரிகளின் கையில் எஞ்சியிருந்த ஒரே கட்டை அந்தத் துருப்பிடித்த டியோடாண்ட். வண்டிக்காரருக்காக விலையைக் குறைத்த அதே வகை மனிதர்கள், கம்பெனி என்றதும் விலையை ஏற்றினார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் கோணல் என்னவென்றால், அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட விதவைக்குப் போகவில்லை. அரசுக்கோ, உரிமை பெற்ற நிலப்பிரபுவுக்கோதான் போனது. பல வழக்குகளில் அதுவும் போகவில்லை. மேல் நீதிமன்றங்கள் கரோனரின் ஆவணத்தில் ஏதாவது எழுத்துக் குறையைக் கண்டுபிடித்து ரத்துசெய்துவிடும். ஆல்ஃபிரட் காலத்தில் மரம் உறவினர்களுக்காவது போனது என்று அதனால்தான் சொன்னேன்.

1846இல் சட்ட வல்லுநரும் அரசியல்வாதியுமான கேம்பெல் பிரபு இரண்டையும் சேர்த்துத் தீர்த்தார். ஒரு சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் டியோடாண்டை ஒழித்தது. இன்னொரு சட்டம், பிறரின் தவறால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளின் சார்பில் வழக்குத் தொடுக்க வழிசெய்தது. ரயில்வே முதலாளிகள் முதலாவதை வரவேற்றதில் வியப்பில்லை. இரண்டாவது வராமல் முதலாவது மட்டும் நிறைவேறியிருந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இந்த இரண்டாவது சட்டத்தின் வாரிசு நம் ஊரிலும் உண்டு. பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853இல். இரண்டே ஆண்டில், கேம்பெல் சட்டத்தை மாதிரியாக வைத்து, 1855ஆம் ஆண்டின் 13ஆவது சட்டமாக உயிரிழப்பு விபத்துச் சட்டம் இந்தியாவுக்கு வந்தது. 1947இல் தாராபுரம்–பழனி சாலையில் நடந்த ஒரு பஸ் விபத்தில் இறந்தவரின் குடும்பம் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போய் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் முடிந்தது. இங்கிலாந்தில் டியோடாண்டை வழியனுப்பிவைக்க வந்த சட்டத்தின் குழந்தை அது என்பது சட்டம் படித்தவர்களிலேயே பலருக்கு நினைவிருக்காது.

சொல் செத்தாலும் எண்ணம் சாகவில்லை. அமெரிக்காவில் டியோடாண்ட் வேரூன்றவே இல்லை; ஆனால் பொருளையே பிரதிவாதியாக நிறுத்தும் பறிமுதல் வழக்குகள் அங்கே ஏராளம். 1965இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கின் பெயர், 'ஒரு 1958 பிளிமத் செடான் கார் எதிர் பென்சில்வேனியா'! 1974இல் இன்னொன்று: வாடகைக்கு விட்ட உல்லாசப் படகில் வாடகைதாரரின் கஞ்சா சிக்கியது; எதுவும் அறியாத உரிமையாளரின் படகு பறிபோனது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் டியோடாண்டின் கதையைப் பைபிள் மாட்டிலிருந்து தொடங்கிச் சொல்லித்தான் பறிமுதலைச் சரியென்றார். இன்று ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைச் சந்திக்க வேண்டுமானால், வரலாற்று நூல்களுக்கு வெளியே, இப்படிப்பட்ட தீர்ப்புகளில்தான் அதிகம் சந்திப்பீர்கள்.

இனி உங்கள் மொழிபெயர்ப்பு. 'தெய்வ தண்டம்' வேண்டாம். கடவுள் யாரையோ தண்டித்ததாகப் படும். 'தேவதானம்' வேர்ப்பொருளுக்கு மிகச் சரி, ஆனால் படிப்பவர் கோயில் நிலத்தைத்தான் நினைப்பார். வெறும் 'அபராதம்' என்றால், கம்பெனியின் குற்றம் நிரூபணமாகித் தண்டம் கட்டியதாக ஆகும். அங்கே குற்றம் என்ற பேச்சே எழவில்லை. நானாக இருந்தால் முதல் முறை வரும் இடத்தில் இப்படி அவிழ்த்து எழுதுவேன்: 'சாவுக்குக் காரணமான பொருள்கள் என்று எஞ்சினையும் வண்டிகளையும் ஜூரிகள் அறிவித்து, அவற்றின் மதிப்பாக இவ்வளவு பவுண்டு அரசுக்குச் சேர வேண்டும் என்று தீர்மானித்தார்கள், டியோடாண்ட் என்பது இதற்குப் பெயர்.' அடுத்தடுத்து வரும்போது டியோடாண்ட் என்றே விட்டுவிடலாம். செய்தியின் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். 1846 செப்டம்பர் 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு டியோடாண்ட் விதித்ததாக இருந்தால், தேதியை யாரோ தவறாகப் படியெடுத்திருக்கிறார்கள்.